வீட்டுக் கணிப்பொறியில் தலைமை அதிகாரம் யாருக்கு?

ஒரே கணிப்பொறியைத் தந்தையும் தாயும் பிள்ளைகளும் மாறி மாறிப் பயன்படுத்துவது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அதில் லினக்ஸ் இயங்குமாயின், பெற்றோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு: யார் யாருடைய பெயரால் அதனுள் நுழைகிறார்கள்?

லினக்ஸைப் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கினார். அதற்கு முன்மாதிரியான யூனிக்ஸோ 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஒரு பொறியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடாதபடி ஆளுக்கொரு கணக்கு வகுக்கப்பட்டது. இன்றும் ஒவ்வொரு கோப்பிற்கும் உரிமையாளர் உண்டு. அதைப் படிக்கவும் திருத்தவும் யாருக்கு இசைவு என்பதும் அதனுடன் குறிக்கப்பட்டிருக்கும்.

இவ்விதிகளுக்குக் கட்டுப்படாத கணக்கு ஒன்றே. அதன் பெயர் ரூட். அதன் எண் பூச்சியம். பொறி இயங்குவதற்கு இன்றியமையாத கோப்பை அழிக்கச் சொன்னாலும் ரூட்டின் சொல்லுக்கு மறுப்பில்லை. ஆகவே அவ்வதிகாரத்தை வேண்டும்போது மட்டும் கடனாகப் பெறுவதற்குச் சூடோ என்னும் கட்டளை அமைந்தது. உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே வருகிறது. நிறுவும்போது உண்டாக்கும் முதற் கணக்கிற்கே சூடோ உரிமை கிட்டும். அது கேட்பது ரூட்டின் கடவுச்சொல்லையன்று, நம்முடையதையே. யார் எக்கட்டளையை இட்டார் என்பதும் பதிவாகிவிடும்.

இங்கே பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ரூட்டின் காவல் பொறிக்கேயன்றி நம் நினைவுச் செல்வங்களுக்கு அன்று. பழுதான லினக்ஸை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பிள்ளையின் புதுநன்மைப் படங்களை எங்கிருந்து நிறுவுவது? அவை தந்தையின் கணக்கில் இருந்து, அதே கணக்கில் மகனும் விளையாடினால், அவன் அவற்றை அழிக்க எந்தத் தலைமை அதிகாரமும் தேவையில்லை. ஆகவே பிள்ளைக்குத் தனிக் கணக்கு வேண்டும். அது நிர்வாகி அல்லாத எளிய கணக்காக இருக்கட்டும். தந்தையும் அன்றாட வேலைக்கு எளிய கணக்கொன்றை வைத்துக்கொள்வது நலம் என்பது என் கருத்து. படங்களின் படியொன்றை வேறிடத்தில் வைப்பதற்கு இது ஈடாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் உபுண்டுவில் ஒருவரது இல்லக் கோப்புறையை வீட்டிலுள்ள மற்றவர் படிக்க இயலாது, முன்னர் இயன்றது. நிர்வாகிக்கோ இன்றும் தடையில்லை. வளர்ந்த மகளின் நாட்குறிப்பைத் தந்தை திறக்க முடியும். திறக்கலாமா என்பதைக் கணிப்பொறி தீர்த்துவைக்காது. அவளுக்கு அவர் நிர்வாகி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

கடவுச்சொல்லை மட்டும் அவராலும் படித்துவிட முடியாது. அது உள்ளபடியே சேமிக்கப்படுவதில்லை. மகள் மறந்துவிட்டால், பழையதை அறியாமலே புதியதொன்றை அவர் அமைத்துக் கொடுக்கலாம்.