ஏஐ உதவியோடு படிப்பது நல்லதா? துருக்கி ஆய்வு சொல்வது என்ன?

ஆன்லைன் கோர்ஸ் படிக்கிறீங்களா? அசைன்மென்ட்டுக்கு சாட்ஜிபிடியிடம் விடை வாங்குகிறீர்களா? அப்படியென்றால் இந்த ஆய்வு உங்களுக்குத்தான்.

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், சுமார் 1,000 மாணவர்களுக்குக் கணக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஒரு குழுவுக்குச் சாதாரண ஜிபிடி-4. இன்னொரு குழுவுக்கு, விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும் ‘டியூட்டர்’. மூன்றாவது குழுவுக்கு ஏஐ கிடையாது.

ஏஐ இல்லாதவர்களைவிட, பயிற்சியில் முதல் குழு 48%, டியூட்டர் குழு 127% அதிக மதிப்பெண் எடுத்தன. அடுத்து, எல்லோருக்கும் ஏஐ இல்லாமல் தேர்வு. அதில் முதல் குழுவின் மதிப்பெண், ஏஐயே தொடாதவர்களைவிட 17% குறைவு! டியூட்டர் குழு பெரிதாகச் சரியவில்லை. ஆனால் முந்தவும் இல்லை.

காரணம் எளிது. முதல் குழுவில் பலர் நேராக விடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மூளைக்கு வேலையே இல்லை.

என்பிடெல் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக அசைன்மென்ட்டுக்கு 25%, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75%. அங்கே சாட்ஜிபிடி கூட வராது. வேலைக்கான இன்டர்வியூவிலும் இதே கதைதான்.

அதனால், முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். மாட்டிக்கொண்டால், ‘விடை வேண்டாம், ஒரு க்ளூ மட்டும் கொடு’ என்று கேளுங்கள்.