சட்டப் பொருளியலும் தமிழாய்வாளரும்

சட்டப் பொருளியலின் முன்னோடிகள் எல்லோரும் இரு துறைகளிலும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ரொனால்ட் கோஸ் சட்டப் பட்டம் இன்றியே சிகாகோ சட்டப்பள்ளியில் பேராசிரியரானார். ரிச்சர்ட் போஸ்னர் சட்டத்திற்கு முன் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றது ஆங்கில இலக்கியம். அவ்வாறிருக்க, இப்புலம் தமக்கு அயலானது எனத் தமிழ்த்துறைகள் ஒதுங்கி நிற்பது ஏற்கத்தக்கதன்று.

சேர்வராயன் மலையின் வெள்ளக்கடை போன்ற ஊர்களில் நில உரிமையும் சிறு வன மகசூல் உரிமையும் சட்டம், வாழ்வாதாரம் இரண்டையும் தொடுபவை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், எழுத்தில் பதிவு செய்யப்பட்ட மூத்தோர் வாய்மொழியைச் சான்றாக ஏற்கின்றன. இடுகாடும் வழிபாட்டிடமும்கூடச் சான்றுகளே. பதிவில் ஓர் இடப்பெயர் சிதைந்தாலும் கோரிக்கை நலியக்கூடும். பழுதறப் பதியும் பயிற்சி நாட்டார் வழக்காற்றியல் கற்றோரிடம் உண்டு. வன உரிமைக் குழுக்களுக்குத் துணைசெய்வதைத் தமிழ்த்துறைகள் களப்பணியின் பகுதியாக்க வேண்டும்.