கண்ணுக்குத் தெரியாத கல்வெட்டுகள்

ஆலயச் சுவரில் எவரும் தம் விருப்பம்போல் எழுதிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தாமும் தம் தமக்கையாரும் தேவியரும் பிறரும் அளித்த கொடைகளை மாமன்னர் இராஜராஜர் ஆணையிட்டே கல்லில் வெட்டுவித்தார். இன்றும் உபயதாரரின் பெயர்ப்பலகை நிர்வாகத்தினரின் ஒப்புதலோடுதான் மாட்டப்படுகிறது. ஆனால், அதே ஆலயத்தின் வெட்டவெளியில் எவரையும் கேளாமல் செய்தி எழுதிவைக்க இப்போது வழி பிறந்துள்ளது.

துணைக்கோள் தரும் இடக்குறிப்பைக் கொண்டு ஓரிடத்தில் செய்தியோ உருவமோ பதித்துவிடுகிறார்கள். அங்கு வந்து கைத்தொலைபேசியின் கேமராவை உயர்த்துவோருக்கு மட்டும், எதிரேயுள்ள காட்சியின்மேல் அது மிதந்து தோன்றும். 2016 ஆகஸ்டில் மலேசியாவுக்கு வந்த 'போக்கிமோன் கோ' விளையாட்டால் இந்நுட்பம் வீடுதோறும் அறிமுகமாயிற்று. இந்தியாவில் அது முறைப்படி வெளியாகும் முன்பே, அவ்வாண்டு செப்டம்பரில், குஜராத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்று எழுந்தது. விளையாட்டில் கிடைக்கும் முட்டை உருவங்கள் இந்து, சமண ஆலயங்களில் தோன்றுகின்றன என்பதே முறையீடு. முட்டை மெய்யன்று, படந்தானே என்பர் சிலர். மூலத்தானத்தின்முன் படமாயினும் வைப்பார்களா?

ஜொகூர் வாழ் பக்தர்கள் இதனை அயலூர்ச் செய்தியென ஒதுக்க இயலாது. 1922-இல் தோன்றிய ஜொகூர்பாரு அருள்மிகு இராஜகாளியம்மன் ஆலயம், 2009-இல் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகளால் ஒளிரும் கண்ணாடி ஆலயமாயிற்று. வணங்க வருவோரோடு, படமெடுக்க வரும் சுற்றுலாப் பயணிகளும் அங்கு மிகுதி. செய்தி பதிக்க விரும்புவோர் தேடுவதும் இத்தகைய இடத்தையே.

நுட்பத்தை முற்றாக வெறுக்கத் தேவையில்லை. காவடிகள் நுழையும் வாசல், பாதணி வைக்குமிடம், அன்னதான நேரம் ஆகியவற்றை வெளிப்பிராகாரத்தில் நிர்வாகமே இவ்வாறு காட்டலாம். (கைத்தொலைபேசி பழகாத முதியோருக்குப் பழைய அறிவிப்புப் பலகையும் இருக்கட்டும்.) கருவறைப் பக்கம் மட்டும் எதுவும் கூடாது. துணைக்கோள் கணக்கு திறந்தவெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிசகலாம். கூரையின்கீழ் இன்னும் கூடும். வாசலுக்கென இட்ட குறிப்பு அம்பாள் திருமுகத்தின்மேல் வந்து நின்றால் யாரை நோவது?

ஹிரோஷிமா நகரம், 2016-இல் தன் அமைதி நினைவுப் பூங்காவிலிருந்து விளையாட்டுக் குறிகளை அகற்றக் கோரிப் பெற்றது. ஆலயங்களும் அவ்வாறு நிறுவனங்களுக்கு எழுதலாம். எழுதும் பொறுப்பு யாருடையது என்பதை அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடலாம்; தைப்பூசக் கூட்டம் வாசலில் கூடிய பிறகு அதற்கு நேரமிராது.