டெஸ்ட் டிரைவில் பின் சீட்டில் உட்கார்ந்தீர்களா? எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கும் முன் ஒரு சஸ்பென்ஷன் கணக்கு

ஷோரூம் டெஸ்ட் டிரைவ் எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஸ்டீயரிங்கில் நீங்கள், பக்கத்தில் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ். ஷோரூமுக்கு எதிரே இருக்கிற வழவழப்பான ரோட்டில் ஐந்து கிலோமீட்டர். சிக்னல் பச்சையானதும் ஒரு மிதி. தலை சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ‘செம பிக்கப் சார், எந்த பெட்ரோல் வண்டியிலும் இது வராது!’ என்பார். பெரிய ஸ்க்ரீன், கண்ணாடிக் கூரை, கேமரா எல்லாம் காட்டுவார். இருபது நிமிடத்தில் மனசுக்குள் கலர்கூட முடிவாகிவிடும்.

நண்பர் ஒருவர் இப்படித்தான் போன வருடம் ஒரு எலெக்ட்ரிக் எஸ்யூவி எடுத்தார். எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியம் இல்லை. ஏழு வருட இ.எம்.ஐ. முதல் லாங் டிரைவ், அம்மா அப்பாவோடு திருவண்ணாமலை. திண்டிவனம் வரைக்கும் எல்லாம் சுகம். அங்கே திரும்பி ஊர்களுக்குள் நுழைந்த பிறகுதான் பின் சீட்டிலிருந்து குரல் வர ஆரம்பித்தது. ‘கொஞ்சம் மெதுவாப் போப்பா... தூக்கித் தூக்கிப் போடுது.’ செஞ்சியைத் தாண்டுவதற்குள் அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு, அப்பாவுக்குக் குமட்டல். முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கோ எதுவுமே தெரியவில்லை. ‘எனக்கு நல்லாத்தானே இருக்கு’ என்றுதான் அவர் சொன்னார். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நிற்கணும். எலெக்ட்ரிக் கார்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவிகிதம்தான் என்பதால், பெரிய எஸ்யூவி-களே பெட்ரோல், டீசல் வண்டிகளின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. மஹிந்திரா பிஇ 6, ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக், டாடா ஹாரியர் இவி, தூத்துக்குடியில் தயாராகும் வின்ஃபாஸ்ட் என்று ஒன்றரை வருடத்துக்குள் வரிசை கட்டிவிட்டன. விளம்பரத்தில் ரேஞ்சுக்கு ஒரு நம்பர் உண்டு. 0-100 வேகத்துக்கு ஒரு நம்பர் உண்டு. பாதுகாப்புக்கு பாரத் என்கேப் ஸ்டார் உண்டு. ‘பின்னால் உட்காருபவரின் முதுகுக்கு என்ன ஆகும்’ என்பதற்கு மட்டும் நம்பரும் இல்லை, ஸ்டாரும் இல்லை.

பேட்டரியிலிருந்து ஆரம்பிப்போம். 75 கிலோவாட் ஹவர் அளவுள்ள பேட்டரி பேக் ஒன்று ஏறக்குறைய அரை டன் எடை. அது மொத்தமும் தரைக்குக் கீழே பலகை மாதிரி பரந்து கிடக்கிறது. எடை என்றதும் கெட்டது என்று நினைக்காதீர்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். 1,300 கிலோ காரில் ஐந்து பேரும் கொஞ்சம் லக்கேஜும் சேர்ந்து 350 கிலோ ஏறினால், எடை 27 சதவிகிதம் கூடுகிறது. 2,100 கிலோ எலெக்ட்ரிக் எஸ்யூவி-யில் அதே 350 கிலோ ஏறினால் 17 சதவிகிதம்தான். அதனால் தனியாக ஓட்டும்போதும் குடும்பத்தோடு போகும்போதும் வண்டியின் குணம் ரொம்ப மாறாது. எடை கீழே இருப்பதால் வளைவில் சாய்வதும் குறைவு. ஹைவேயில் வண்டி ‘நின்ன மாதிரி போகுது’ என்று சொல்கிறோமே, அதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இவ்வளவு எடையைத் தாங்க ஸ்பிரிங் கெட்டியாக இருக்கணும். கனமான பாடி ஒருமுறை மேலே எழும்பிவிட்டால், அதைப் பிடித்து நிறுத்த டேம்பரும் (நம் மெக்கானிக் பாஷையில் ஷாக் அப்சார்பர்) கெட்டியாக வேண்டும். இந்த எடையை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய எஸ்யூவி என்றால் பெரிய வீலும் வேண்டும் என்று நாமே கேட்கிறோம். பிரேக்கும் வீலும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. அந்த எடை கூடக் கூட, ரோட்டின் ஒவ்வொரு சின்ன வெட்டும் உங்கள் சீட்டுக்கு வந்து சேரும்.

இனி நம் ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு வருவோம். சஸ்பென்ஷனுக்கு நிஜமான பரீட்சை ஹைவேயில் இல்லை, டீக்கடை வாசலில்தான் இருக்கிறது. இந்திய சாலைகள் பேரவை விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கணும். அதை 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டலாம் என்பதுதான் கணக்கு. நம் தெருவில் அப்படி ஒன்றை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? அரை மீட்டர் அகலத்தில், செங்கல்லை வைத்து சிமென்ட் பூசினது மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும்.

இரண்டுக்கும் வித்தியாசம் உயரத்தில் மட்டும் இல்லை, நேரத்தில் இருக்கிறது. விதிப்படியான மேட்டை 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீல் தாண்ட சுமார் அரை செகண்ட் ஆகும். வண்டி மெதுவாக ஏறி இறங்கும், ஊஞ்சல் மாதிரி. ஆனால் அரை மீட்டர் மேட்டை 20 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டினால், பத்தில் ஒரு பங்கு செகண்டுக்கும் குறைவாகவே ஆகும். அது ஊஞ்சல் இல்லை, உதை. மேலும் கீழுமாக ஆட்டும்போது மனித உடம்பு அதிகமாக உணர்வது ஒரு செகண்டுக்கு நான்கு முதல் எட்டு முறை வரும் அதிர்வுகளைத்தான். உடைந்த தார் ரோடும் தொடர்ச்சியான பேட்ச் வேலையும் உங்கள் முதுகெலும்புக்குத் தருவது பெரும்பாலும் இந்த வகை ஆட்டத்தையே.

ஆக, ஒரு டேம்பருக்கு இரண்டு வேலை. மெதுவான ஊஞ்சலை இறுக்கிப் பிடிக்கணும், வேகமான உதையை இளகி வாங்கிக்கொள்ளணும். சாதாரண டேம்பர் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ சமரசம் செய்துகொள்ளும். 2025 ஜூனில் வந்த ஹாரியர் இவி-யில் டாடா சொல்லும் ‘ஃப்ரீக்வன்ஸி டிபென்டன்ட் டேம்பிங்’ இந்தச் சிக்கலுக்கான விடை. அதிர்வு வேகமாக வந்தால் டேம்பருக்குள் ஆயிலுக்கு இன்னொரு வழி திறக்கும், டேம்பர் இளகும். மெதுவாக வந்தால் அந்த வழி மூடிக்கொள்ளும், டேம்பர் இறுகும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. எல்லாம் உள்ளே இருக்கும் வால்வின் வேலை. பிஇ 6-ன் விலை கூடிய வேரியன்ட்களில் இருப்பது வேறு வழி. அது செமி ஆக்டிவ் சஸ்பென்ஷன். அங்கே எலெக்ட்ரானிக்ஸ் ரோட்டைப் பார்த்து டேம்பரை மாற்றும். அசத்தலான விஷயம்தான். ஆனால், என்னைக் கேட்டால் பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர் வாரன்டி முடிந்த பிறகு ஒரு டேம்பரின் விலை என்ன என்று இப்போதே சர்வீஸ் சென்டரில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஹாரியரில் சுவாரஸ்யமான இன்னொரு சங்கதி இருக்கிறது. 2019-ல் வந்த டீசல் ஹாரியருக்குப் பின்னால் இருப்பது ட்விஸ்ட் பிளேடு. இரண்டு பின் வீல்களையும் ஓர் இரும்புப் பட்டை இணைக்கும். இடது வீல் பள்ளத்தில் இறங்கினால் அந்த முறுக்கலில் ஒரு பங்கு வலது வீலுக்கும் போகும். பின் சீட்டில் தலை இப்படியும் அப்படியும் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே பெயரில் வந்த இவி-யில் மல்ட்டி லிங்க். ஒவ்வொரு வீலுக்கும் தனித்தனி கை கால்கள். ஏன் மாற்றினார்கள்? கம்ஃபர்ட்டுக்காக என்று விளம்பரம் சொல்லலாம். என் கணிப்பு, மோட்டார்தான் முக்கியக் காரணம். ஹாரியர் இவி-யில் மோட்டார் பின்னால் இருக்கிறது, பின் வீல்களை ஓட்டுகிறது. குறுக்கே போகும் பட்டைக்கு அங்கே இடம் இல்லை. க்ரெட்டா எலெக்ட்ரிக்கில் மோட்டார் முன்னால் இருக்கிறது. அதனால் பெட்ரோல் க்ரெட்டாவில் இருந்த அதே டார்ஷன் பீம் பின்னால் அப்படியே தொடர்கிறது.

உடனே ‘மல்ட்டி லிங்க் இருந்தா நல்லது, டார்ஷன் பீம்னா மோசம்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மோசமாக ட்யூன் செய்த மல்ட்டி லிங்க்கைவிட, கவனமாக ட்யூன் செய்த டார்ஷன் பீம் பல ரோடுகளில் சுகமாகவே இருக்கும். ஸ்பெக் ஷீட்டில் இருக்கும் பெயரை வைத்து ரைடு குவாலிட்டியை எடை போடுவது, மெனு கார்டைப் பார்த்து பிரியாணிக்கு மார்க் போடுவது மாதிரி.

டயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிஇ 6-ல் 18 இன்ச் வீலுக்கு 245/60 டயர், 19-க்கு 245/55, 20-க்கு 245/50. இந்த நம்பர்களைப் பெருக்கிப் பார்த்தால் டயரின் பக்கச்சுவர் உயரம் முறையே 147, 135, 122 மில்லிமீட்டர் வரும். ஆக, 18-லிருந்து 20-க்குப் போனால் இரண்டரை சென்டிமீட்டர் காற்று மெத்தையை இழக்கிறீர்கள். ஸ்டைலுக்குக் கொடுக்கிற விலை இது. கடுப்பான விஷயம் என்னவென்றால், பொதுவாகவே பல கம்பெனிகள் நல்ல பாதுகாப்பு வசதிகளை டாப் வேரியன்ட்டில்தான் வைக்கின்றன. அதை எடுத்தால் பெரிய வீலும் சேர்ந்தே வரும். ‘சின்ன வீல், முழு வசதி’ என்று கேட்டால் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

சத்தத்தையும் கவனியுங்கள். இன்ஜின் சத்தம் இருந்தவரை அது பல குறைகளை மூடி மறைத்தது. இப்போது புஷ்ஷின் ‘டொக்’, டயரின் இரைச்சல் எல்லாம் அப்பட்டமாகக் காதில் விழுகிறது. காது ‘டொக்’ என்று கேட்டால் மூளை ‘வலித்தது’ என்று எடுத்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு ஏன் குமட்டியது? அதற்கு சஸ்பென்ஷன் காரணமே இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதுதான் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங். ஓட்டுபவருக்குத் தன் கால் எப்போது நகரும் என்று தெரியும், உடம்பு தயாராக இருக்கும். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. ஊர்களுக்குள் மிதி, விடு, மிதி, விடு என்று போகும்போது அவருக்கு மெதுவான முன்பின் ஆட்டம் தொடர்ந்து கிடைக்கும். வயிற்றைப் புரட்ட அதுவே போதும். பெரியவர்கள் இருக்கும்போது ரீஜென் அளவை மிகக் குறைவாக வையுங்கள். ரேஞ்ச் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

அம்மாவின் இடுப்புக்குக் காரணம் இன்னொன்று. பேட்டரி தரைக்குக் கீழே இருப்பதால் பல எலெக்ட்ரிக் கார்களில் பின்பக்கத் தரை உயர்ந்துவிடுகிறது. சீட்டை அதே அளவுக்கு உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும், அதனால் உயர்த்துவதில்லை. முழங்கால் மேலே வந்துவிடும், தொடைக்குக் கீழே ஆதரவு இருக்காது. உட்கார்ந்தவரின் எடை முழுக்க இடுப்பு எலும்பில் இறங்கும். அந்த நிலையில் ஒவ்வொரு உதையும் நேராக முதுகுக்குப் போகிறது. உலகத்தின் சிறந்த டேம்பர் இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

சரி, டெஸ்ட் டிரைவில் என்ன செய்யலாம்? நீங்கள் ஓட்டியது போதும். வீட்டில் இன்னொருவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். முடிந்தால் அம்மா அப்பாவையே உட்கார வையுங்கள். ஷோரூம் ரோட்டை விட்டு உங்கள் தெருவுக்கு வண்டியைக் கொண்டுபோகக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் டயர் பிரஷரைச் செக் பண்ணுங்கள். டிரைவர் கதவோரம் இருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டெமோ வண்டியில் காற்று குறைவாக இருந்தால் மெத்தை மாதிரி இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

உங்கள் கையிலேயே ஒரு அளவுகோலும் இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவச ஆப், போனில் உள்ள சென்சாரை வைத்து அதிர்வை அளந்து காட்டும். பின் சீட்டுக்குக் கீழே, தரையில், நகராதபடி போனை டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரே ரோடு, ஒரே வேகம், இரண்டு வெவ்வேறு கார்கள். வரும் இரண்டு கிராஃப்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேப் துல்லியம் கிடைக்காது, ஆனால் ‘ரெண்டுல எது அதிகமா உதைக்குது’ என்பது தெளிவாகத் தெரியும். இந்த டெஸ்ட்டின்போது நீங்கள் ஓட்டக் கூடாது, அது மட்டும் முக்கியம்.

நண்பரின் வண்டிக்கு வருவோம். ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கேஜை வைத்துப் பார்த்தோம். நாலு டயரிலும் 42 பி.எஸ்.ஐ. கதவோர ஸ்டிக்கரில் 36. ‘காத்து கூட வெச்சா ரேஞ்ச் கூடும்னு ஒரு வீடியோல சொன்னாங்கடா’ என்றார். 36-க்கு இறக்கினோம். ரீஜெனைக் கடைசி லெவலுக்குக் குறைத்தோம். அதே தெருவில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போனோம். ‘இப்போ பரவால்லப்பா’ என்றார். ஆனால், முழங்கால் இன்னும் உயரத்தில்தான் இருந்தது, அதற்கு ஸ்பேனர் கிடையாது. இப்போதெல்லாம் லாங் டிரைவில் அம்மாவுக்கு முன் சீட். நண்பரின் மனைவியும் மகனும் அப்பாவோடு பின்னால். அடுத்த கார் எடுக்கும்போது மாமியார்தான் டெஸ்ட் டிரைவுக்குப் போகணும் என்று மனைவி இப்போதே சொல்லிவிட்டாராம்.