தணிகையில் தணியாத கோபம்

திருச்செந்தூர்க் கரையில் சூரனை வதைத்த முருகப் பெருமான், யுத்தக் கோபம் ஆறுவதற்காக வந்து அமர்ந்த மலை திருத்தணி என்பார்கள். கோபம் தணிந்த இடமாதலால் தணிகை. கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களிலெல்லாம் சூரசம்ஹாரம் அமர்க்களப்படும்போது, இங்கே மட்டும் சம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். அப்பேர்ப்பட்ட மலையில் 365 படிகளையும் மூச்சு வாங்க ஏறித் தரிசனம் செய்துவிட்டுத் திரும்பிய எனக்கு, ஏறும்போது இல்லாத கோபம் இறங்கும்போது வந்து சேர்ந்தது.

காரணம், அடிவாரத்தில் ஒரு மோதிரக் கடை.

"பவளம் போட்டுக்குங்க சார். முருகனுக்கு உகந்தது. செவ்வாய் தோஷம் பறந்துடும்" என்றார் கடைக்காரர்.

"எந்தக் கடல் பவளம் ஐயா?"

"எல்லாம் நம்ம ராமேசுவரத்துப் பவளந்தான் சார்!"

அவர் பிழைப்பை நான் கெடுக்கவில்லை. ஆனால் கூட வந்த நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். மோதிரத்துக்கு ஆகும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் சரக்கு. நம்முடைய மன்னார் வளைகுடாவில் இருப்பது பாறை கட்டும் பவளம். அதை மோதிரத்தில் பதிக்க முடியாது. அதனால்தான் காளவாயில் போட்டுச் சுண்ணாம்பாக நீற்றினோம்!

நண்பர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், இந்த ஊர்க்காரர். சாவதானமாக அவர் சொன்ன பதில் இது: "இங்கேயிருந்து கடலுக்கு எண்பது கிலோமீட்டர் போகணும். மலையடிவாரத்தில் இருக்கிறவனுக்குக் கடல் வேலியைப் பற்றி என்ன கவலை? அது செம்படவர் பாடு, சர்க்கார் பாடு."

சொன்னவர் யார்? 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த கதையை, ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்தை, கேட்டவர்களுக்கெல்லாம் கண் கலங்கச் சொல்லுகிறவர்! வடக்கே ஒரு முழ மண் போனாலும் ரயில் முன்னால் படுப்போம் என்று துடித்த ஜனங்கள் நாம். தெற்கே நம் கண் முன்னாலேயே இரண்டு தீவுகள் போயினவே, தெரியுமா? கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லி. இரண்டும் இன்று தண்ணீருக்கடியில். குமரிக் கண்டத்தைக் கடல் கொண்டது என்று மேடைக்கு மேடை கண்ணீர் வடிக்கிறோம். இந்த இரண்டு தீவுகளுக்காக யாராவது ஒரு சொட்டு விட்டதுண்டா? இத்தனைக்கும் இவற்றைக் கடல் தானாகக் கொள்ளவில்லை. தீவைச் சுற்றி அரணாக நின்ற பவளப் பாறையைக் கடப்பாரையால் பெயர்த்துத் தோணி தோணியாகக் கரைக்கு ஏற்றினோம். அரண் போனது, அலை நேரே வந்து மணலை அரித்தது. கொடுத்தவர்கள் நாம், கொண்டது கடல்.

பவளப் பாறை என்பது செத்த கல் அல்ல. கடுகளவும் மிளகளவுமான கோடானு கோடிப் பூச்சிகள், தங்கள் உடம்புக்குள்ளேயே குடியிருக்கும் நுண்ணிய பாசியோடு கூட்டுக் குடித்தனம் நடத்தி, தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வீடு. உருண்டைக் கல் மாதிரி வளரும் ஜாதிகள் வருஷத்துக்கு ஒரு செண்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். கடப்பாரை ஒரு காலையில் பெயர்ப்பது ஒரு பாட்டன் காலத்து வளர்ச்சி. மன்னார் வளைகுடாவில் 117 பவள வகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலும் அதுதான், பள்ளிக்கூடமும் அதுதான்.

"அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே!" என்று சிலர் வருவார்கள். இருக்கிறது. ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளையும், அவற்றைச் சூழ்ந்த சுமார் 560 சதுர கிலோமீட்டர் கடலையும் 1986-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் என்ற இன்னொரு பட்டம். 2001-இல் பாறை கட்டும் பவளத்தைப் புலிக்குச் சமமாக வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். எல்லாம் சரி. கல் தோண்டுவது எப்போது நின்றது? 2005-ஐ ஒட்டி! 2004 டிசம்பரில் சுனாமி வந்து கடல் என்றால் என்ன என்று காட்டிய பிறகு! பூங்கா பிறந்து ஏறக்குறைய இருபது வருஷம், பூங்காவுக்குள்ளேயே பூவைப் பறித்துச் சுண்ணாம்பாக்கியிருக்கிறோம்.

இந்தச் சட்டத்தின் கை யார்மீது நீளுகிறது என்பதுதான் என் கோபத்தின் மையம். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுக்கிறவர்கள். விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி மூழ்கி, கையால் பறித்து வருவார்கள். ஐஸ்கிரீம் கெட்டியாக இருப்பதற்குக்கூட அந்தப் பாசிச் சத்துத்தான் உதவுகிறது. கல்லைப் புரட்டினால் பாறைக்குக் கேடு என்பது உண்மையே. அந்தப் பெண்களுக்கும் அது தெரியும். மாதத்தில் இன்ன நாட்கள்தான் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் தீவுப் பக்கம் போனால் குற்றவாளி என்பது அவர்களுக்குத்தான் முதலில் புரிந்த சட்டம். தரையை வாரிச் சுரண்டும் விசைப்படகு 3 கடல் மைலுக்குள் வலை இழுக்கக் கூடாது என்று 1983-ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு மட்டும் அடிக்கடி தூக்கம் வந்துவிடுகிறது. துணி சுற்றிய விரல் பெரிய ஆபத்தா, இழுவை வலை பெரிய ஆபத்தா?

இன்னொன்றும் கேளுங்கள். வேகமாக வளருமென்று அயல்நாட்டுப் பாசி ஒன்றைக் கொண்டுவந்து கரையோரம் பயிர் செய்ய வைத்தார்கள். அது பூங்காவுக்குள்ளேயே குருசடைத் தீவின் பவளத்தின்மேல் போர்வை மாதிரி படர்ந்து மூச்சை அடைத்ததை 2008-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். காகித வேலி பாசிக்குத் தெரியுமா?

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, அதனால்தான் காப்பகமே வேண்டாம் என்கிறோம், மீனவர் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று ஒரு கூட்டம் கை தட்டும். இந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். மீனவர் பெயரைச் சொல்லி விசைப்படகு முதலாளிக்காக வாதாடும் இந்தக் கருணாமூர்த்திகளை நான் நம்புவதில்லை. தொட்டிலை உடைத்துவிட்டு எந்த வீட்டில் பிள்ளை வளர்ந்தது? பிலிப்பைன்ஸ் நாட்டில் ஆப்போ என்று ஒரு சின்னத் தீவு. 1980-களில் அங்கிருந்த மீனவர்களே தங்கள் பாறையில் ஒரு பகுதியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். காவலும் அவர்களே இருந்தார்கள். தொடாத பகுதியில் மீன் பெருகியது. பெருகியது வெளியே வழிந்து அவர்கள் வலையிலேயே விழுந்தது. காப்பகம் தோற்பதும் ஜெயிப்பதும் சாவி யார் கையில் என்பதில்தான் இருக்கிறது. நம் கரையிலும் கிராமக் குழுக்கள் அமைத்தார்கள், கடன் கொடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் கடன் கொடுப்பது வேறு, அதிகாரத்தில் பங்கு கொடுப்பது வேறு.

கடைசியாக ஒரு புத்திசாலி பாக்கி இருக்கிறார். "கடலே சூடேறுகிறது, 2010-லும் 2016-லும் பவளம் வெளுத்துச் செத்தது, வேலி வெயிலைத் தடுக்குமா?" என்பார். தடுக்காதுதான். சூடு தாங்காமல் பவளம் தன் பாசியை உதறிவிட்டு எலும்பு வெள்ளையாக நிற்கிறது. ஆனால் ஜுரத்தில் கிடக்கிறவனை அடிக்காமலாவது இருக்கலாம் அல்லவா? சூடு தணிந்ததும் தேறுவதற்குத் தெம்புள்ள பாறை, வலை உரசாத, மண் படியாத பாறைதான்.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. பாசி எடுக்கும் பெண்களும் நாட்டுப்படகுக்காரர்களும் எல்லையை வகுக்கும் மேஜையில் உட்காரட்டும். எந்தப் பாறையை எத்தனை வருஷம் தொடுவதில்லை என்று அவர்களும் சேர்ந்து சொல்லட்டும். காவற்படகில் அவர்கள் பிள்ளைகள் சம்பளத்தோடு ஏறட்டும். மூன்று மைல் சட்டம் விழித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் அடிவாரத்திலிருந்து ரயிலடிவரை நான் பேசி முடித்தபோது நண்பர் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. விரலில் கிடந்த செவ்வாய் மோதிரத்தைத் திருகிக்கொண்டே வந்தார். வண்டி வந்து நின்றதும், "அந்தத் தீவுகள் பேர் என்ன சொன்னீர்? பூவரசன்பட்டி... இன்னொன்று?" என்று கேட்டார்.