கோதுமையை நிறுத்தச் சொல்லும் புண்ணியவான்கள்

"ஒரு மாசம் கோதுமையை நிறுத்திப் பாருங்க, சரியாயிட்டா அதுதான் காரணம்." ஜிம் மாஸ்டர் சொல்கிறார், யூடியூப் சொல்கிறது, எதிர்வீட்டு மாமி சொல்கிறார். கொடுமை என்னவென்றால் சில டாக்டர்களும் சொல்கிறார்கள். சீலியாக் நோயாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தபிறகு, ரத்தம் எடுப்பதற்கு முன்பே இப்படிச் சொல்வது வைத்தியம் அல்ல. தடயத்தை அழிக்கிற வேலை.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் க்ளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குவதுதான் சீலியாக். டி.டி.ஜி ரத்தப் பரிசோதனை தேடுவது அந்தச் சண்டையில் உருவாகும் எதிர்ப்பொருளை. எண்டோஸ்கோபியில் கிள்ளியெடுக்கும் சதையில் தேடுவது தேய்ந்துபோன குடலுறிஞ்சிகளை. க்ளூட்டனை நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடலும் மெல்ல ஆறும். அப்புறம் 'நெகட்டிவ்' என்று வரும் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

நம்மூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 2016-ல் வெளியான இந்திய ஆய்வில் வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு சீலியாக். தெற்கே பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது! பெரிய வித்தியாசம் தட்டில்தான். டெல்லிக்கு வேலைக்குப் போய் மூன்று வேளையும் ரொட்டி தின்று, பேதியும் ரத்தசோகையுமாக ஊர் திரும்பி, மூன்று மாதம் இட்லியும் ரசம் சாதமுமாகத் தேறியபின் லேபுக்குப் போகும் பையனை நினைத்துப் பாருங்கள். கோதுமையை விட்டதே அவனுக்குத் தெரியாது. வெறும் வயிறா என்று கேட்பார்கள். கோதுமை சாப்பிடுகிறாயா என்று கேட்பவர் அபூர்வம்.

"அதான் சரியாப் போச்சே, பரிசோதனை எதுக்கு?" என்பார்கள். கோதுமையில் க்ளூட்டன் மட்டும் இல்லை, ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவருக்கும் கோதுமையை விட்டால் வயிறு லேசாகும். அவர் என்றைக்காவது ஒரு பரோட்டா சாப்பிட்டால் அன்றைக்கு உப்புசம், அவ்வளவுதான். சீலியாக்காரருக்கு அப்படியில்லை. மைதா கலந்த கூட்டுப் பெருங்காயம்கூட ஆகாது, ஆயுசுக்கும் ஆகாது. வலியே தெரியாமலும் குடல் கெடும், எலும்பு தேயும். பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவை. இவ்வளவையும் 'நிறுத்தினேன், நல்லாயிருந்தது' என்ற ஒரு வரியை நம்பி யார் செய்வார்கள்? (டென்னிஸ் வீரர் ஜோகோவிச்சின் வயிற்றில் ஒரு ரொட்டித்துண்டை வைத்துக் கைபலம் பார்த்தே முதலில் சந்தேகப்பட்டார்களாம். 2013-ல் வந்த தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். ரசிகர்களுக்கு அது போதுமாக இருக்கலாம்.)

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் என்ன செய்வது? திரும்பச் சாப்பிட வேண்டும். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2015-ல் சொன்ன கணக்கு: தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை, குறைந்தது 6 வாரம். அமெரிக்க குடல்நோய் மருத்துவர்களின் 2013 வழிகாட்டி தினம் 3 கிராம் க்ளூட்டன் என்கிறது, அதாவது இரண்டு சப்பாத்திக்குள். 2 வாரம், தாங்கினால் 8 வாரம்வரை. இதை டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மூச்சுத்திணறல் வரும் கோதுமை அலர்ஜிக்காரர்கள் தொடவே கூடாது.

விஷம் என்று தெரிந்ததை ஆறு வாரம் தின்னச் சொல்வது கொடுமைதான். முதல் நாளே ஒரு குழாய் ரத்தம் எடுத்திருந்தால் அந்தக் கொடுமைக்கு அவசியமே இருந்திருக்காது. தின்னவே முடியாதவருக்கு டி.க்யூ2, டி.க்யூ8 மரபணுப் பரிசோதனை இருக்கிறது. சாப்பாட்டால் அது மாறாது. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது, சப்பாத்திக்குத்தான் திரும்ப வரவேண்டும்.