காவிரியின் கெண்டையைக் காப்போம்!

செஞ்சி என்றதும் தேசிங்கு ராசனின் வீரம் நெஞ்சில் நிழலாடும். நம் கோட்டை 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது பூரித்தோம். கல்லைப் போற்றும் நாம், உயிரைப் போற்றுகிறோமா?

காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழ்வது திமிலுடைய மகசீர் கெண்டை. 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒன்றின் எடை 120 ராத்தல்! அந்த இனம்தான் 2018இல், அழிவின் விளிம்பில் நிற்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் ஏறியது. தமிழகத்தில் மோயாறே அதன் புகலிடம்.

குற்றவாளி யார்? 1897ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தும், விற்பனைக்காக வெடி வைத்துத் தாயையும் குஞ்சையும் ஒருங்கே கொல்வோர் ஒருபுறம். நீர்வழியை மறிக்கும் அணைகள் மறுபுறம். பொழுதுபோக்குக்குத் தூண்டிலிட்டோர் பிடித்த மீனை மீண்டும் ஆற்றில் விட்டனர், அது நன்று. ஆனால், மீன்வளம் பெருகட்டும் என்று பண்ணையில் வளர்த்த வேற்றின மகசீர்க் குஞ்சுகளும் ஆற்றில் விடப்பட்டன. வந்த மீன் பெருகியது. சொந்த மீன் அருகியது. அமெரிக்க ஆறுகளிலும் பண்ணைக் குஞ்சுகளால் இயற்கைச் சால்மன் நலிந்ததுண்டு.

செஞ்சிக் கோட்டையை இழந்துவிட்டு, அவ்விடத்தில் வேறொரு கோட்டை எழுப்பினால் ஏற்போமா?

தூண்டில்காரரைப் பகைக்க வேண்டாம். வலைவீசிப் பிழைக்கும் பரிசல்காரரைப் பழிக்கவும் வேண்டாம். வெடியை ஒடுக்குவோம். வேற்றினக் குஞ்சு விடுவதை நிறுத்துவோம். முட்டையிடும் காலத்தில் ஆற்றுக்கு ஓய்வளித்து, கடல் மீனவர்க்குத் தடைக்காலத்தில் வழங்குவதுபோல் ஆற்று மீனவர்க்கும் அரசு நிவாரணம் வழங்கட்டும்.

இடிந்த மதிலை மீண்டும் கட்டலாம். அழிந்த இனத்தை எந்தக் கொத்தனார் கட்டுவார்? சிந்திப்பீர், நண்பர்களே!